கோப்பில் நின்ற வண்டி

என் சகலையின் வண்டியில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. என் வண்டியில் இல்லை. இதைச் சொல்லிவிட்டால் கதையில் பாதி முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியும் அதேதான், கொஞ்சம் விவரமாக.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். நல்ல மனிதர். எனக்கு அதுதான் முதல் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் அவர்மேல் பொறாமைப்பட ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். மூடிப்போன ஒரு பிஸ்கட் கம்பெனியின் கொட்டகையில் கிடந்த இரண்டு பழைய கார்களை நாங்கள் இருவரும் ஒரே நாளில் வாங்கினோம். ஒரே மாடல், ஒரே வருஷம். அவருடையது வெண்ணெய் நிறம், என்னுடையது பாசி நிறம். இன்ஜின் எண்கள்கூட அடுத்தடுத்தவை. முதல் எண் அவருடையது. அதையும் நான் மறக்கவில்லை.

அந்தக் காலத்துக் கார்களுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம் பிரேக். டிரம் என்பது மூடிய தகர டப்பா போல ஒன்று. உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து அதை உரசும். இறக்கத்தில் நாலு தடவை அழுத்தினால் சூடேறி வழுக்க ஆரம்பித்துவிடும். டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை. திறந்த வட்டு, அதைக் கவ்விப் பிடிக்க ஒரு காலிப்பர், அவ்வளவுதான். சகலையின் வண்டியில் பின்கண்ணாடிக்குக் கீழே இருந்த தகடு இப்படிச் சொன்னது: ‘பின்சக்கர டிஸ்க் பிரேக். தொன்மை வாகனப் பேரவையின் ஒப்புதல் பெற்றது.’

பேரவை ஆண்டுக்கொரு முறை பழைய வண்டிகளின் ஊர்வலம் நடத்தும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, விளையாட்டு மைதானத்தில் முடியும். என் மாமனார் ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டே பழகியவர். ஊர்வலத்தன்று வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். இரண்டு வண்டியையும் பார்ப்பார். குனிந்து தகட்டைப் படிப்பார். சகலையின் வண்டியில் முன்சீட்டில் ஏறிவிடுவார். நாலு வருஷமாக இதே கதை. நாலு வருஷமும் என் பக்கத்துச் சீட்டில் தண்ணீர் பாட்டில்தான் உட்கார்ந்து வந்தது.

“அப்பா எதுல உட்கார்ந்தா என்னங்க?” என்றாள் என் மனைவி.

“ஒண்ணுமில்ல. நான் என்ன சொன்னேன்?”

“ஒண்ணும் சொல்லல. ஆனா மூணு நாளா சாப்பிடும்போது பல்லைக் கடிக்கிறீங்க.”

நான் மெக்கானிக்கிடம் போனேன். அவரை எல்லோரும் ‘குனிஞ்சவர்’ என்று கூப்பிடுவார்கள். எப்போது போனாலும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்துதான் பதில் வரும்.

“ரெண்டு நாள் வேலைங்க,” என்றது பதில். “டிரம்மைக் கழட்டி, அச்சை உருவி, பின்தட்டை எடுத்துட்டு, அந்த இடத்துல பிராக்கெட் வச்சு காலிப்பரை மாட்டணும். ஹேண்ட் பிரேக் கேபிளைக் கொஞ்சம் மாத்திக்கணும். அப்புறம் பிரேக் ஆயில்ல நிக்கிற ஏரை எடுத்தா முடிஞ்சுது. ஆனா பேரவையில அனுமதி வாங்கிட்டு வந்துடுங்க. இல்லேன்னா ஊர்வலத்துல விடமாட்டாங்க.”

பேரவை அலுவலகம் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் சிவப்பு நாடா கட்டிய ஒரே ஒரு கோப்பு. ‘மாதிரிக் கோப்பு. தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. மேலே சகலையின் பெயர். மனிதர்கள் பரிசுக் கோப்பையைத்தான் அலமாரியில் வைப்பார்கள். இவருக்கு விண்ணப்பத்தையே வைத்திருக்கிறார்கள்.

செயலர் என் விண்ணப்பத்தைப் படித்தார். ‘மாற்றத்திற்கான காரணம்’ என்ற இடத்தில் ‘இறக்கத்தில் வண்டி சரியாக நிற்பதில்லை’ என்று எழுதியிருந்தேன்.

“வண்டி சரியா நிக்கலேன்னா அது பழுது,” என்றார். “பழுதுள்ள பாகத்தை மாத்த பேரவை அனுமதிக்காது. முதல்ல பழுது பாருங்க.”

“பழுது பார்த்து நல்லா நின்னா?”

“நல்லா நிக்கிறதை ஏங்க மாத்தணும்?”

நான் அலமாரியைக் காட்டினேன். “அப்ப அவர் எப்படி வாங்கினார்?”

செயலரின் முகம் கனிந்தது. “அவர் கோப்பைப் பார்த்திருக்கணும் நீங்க. நாலு மூலையும் மடங்கல. ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. காரணம்ங்கிற இடத்துல என்ன எழுதியிருந்தார் தெரியுமா? ‘பேரவையின் மேலான சித்தப்படி’ன்னு.”

வீட்டுக்கு வந்து அதையே நானும் எழுதினேன். கூடவே ‘மிகவும் மேலான’ என்று ஒரு சொல் சேர்த்தேன். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

முதலில் ஒலித் தேர்வு. அகற்றப்படும் டிரம் அசல்தானா என்று பேரவையின் ஒலி உறுப்பினர் காதால் கேட்டுச் சொல்வார். துணிக்கடைக்கு முன்னால் நான் வண்டியை ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். அவர் நடைபாதையில் நாற்காலி போட்டு, கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பதினோராவது தடவை கையை உயர்த்தினார்.

“கீச்சுன்னு வருது.”

“ஆமாங்க.”

“அந்தக் காலத்துல க்ரீச்சுன்னு வரும். இதுல ஏதோ குறையுது.” தேர்ச்சி தந்தார். ஆனால் சான்றிதழில் ‘ஒலி: சுமார்’ என்று எழுதிவிட்டார். சகலைக்கு ‘ஒலி: மிக நன்று’ என்று போட்டிருந்ததை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதிரிக் கோப்பின் பட்டியலில் ஏற்கெனவே படித்திருந்தேன். அவருடைய பிரேக் கத்தும் கத்தல்கூட என்னுடையதைவிட உசத்தியாம்.

அடுத்தது அச்சுத் தேர்வு. பின்அச்சின் உட்புறத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சரிபார்க்க அச்சைத் தனியாகக் கழற்றி மாடிக்குக் கொண்டுவர வேண்டும். அதே நாளில், அதே நேரத்தில், வண்டி தன் சொந்தச் சக்கரங்களில் ஓடி வாசலில் வந்து நிற்க வேண்டும். இரண்டும் விதி. குனிஞ்சவரும் நானும் அச்சை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மாடிப்படி ஏறினோம். பாதிப் படியில் அது என் முழங்காலில் இடித்து ஒரு கேள்வி கேட்டது. மேலே போனதும் செயலர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“வண்டி எங்க?”

“அச்சு இங்க இருக்கு சார்,” என்றார் குனிஞ்சவர். “அச்சில்லாம வண்டி எப்படி வரும்?”

“அது விண்ணப்பதாரர் பார்த்துக்க வேண்டியது. இதோ, இவர் சகலை ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சார்.”

“எப்படிங்க?” என்றேன். குரல் எனக்கே அழுகை போலக் கேட்டது.

“கோப்புல இருக்கு. அச்சு வந்தது, வண்டியும் வந்ததுன்னு. அதுக்கு மேல நாங்க கேக்கிறதில்ல.”

அன்று சாயங்காலம் சகலைக்குப் போன் செய்து கேட்டேன். அவர் சிரித்தார். “அதெல்லாம் ஒரு முறை இருக்கு தம்பி. பதட்டப்படக் கூடாது,” என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு நாள் காதிலேயே இருந்தது. கடைசியில் என் நண்பர் ஒருவரின் வண்டியிலிருந்து அச்சை இரவல் வாங்கிப் பூட்டி, என் வண்டியை வாசலுக்கு ஓட்டிவந்து, என் அச்சை மாடிக்குத் தூக்கிக் காட்டினேன். இரவல் அச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வண்டி ஓடி வந்தது, அச்சு மாடியில் இருந்தது, விதி நிறைவேறியது. செயலர் என்னைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார்.

பிறகு வந்தது வரைபடம். காலிப்பரை எப்படிப் பொருத்த வேண்டும் என்று பேரவை அங்கீகரித்த படம். குனிஞ்சவர் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மறுபடி திருப்பி, என்னோடு பேரவைக்கே வந்துவிட்டார். வண்டிக்கு அடியில் இல்லாமல் நான் அவரைப் பார்த்தது அபூர்வம்.

“சார், படம் தலைகீழா நகலாகியிருக்கு,” என்றார். “ஏர் நிப்பிள் கீழ வருது. பிரேக் ஆயில்ல இருக்கிற காத்து மேல இருக்கிற நிப்பிள் வழியாத்தான் வெளிய வரும். கீழ இருந்தா வராது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.”

“காத்து ஏன் மேல போகணும்?”

“காத்து மேலதான் சார் போகும்.”

“அனுமதி இல்லாமலா?” என்றார் செயலர்.

குனிஞ்சவர் என்னைப் பார்த்தார். நான் மாதிரிக் கோப்பைப் பார்த்தேன்.

“இந்தப் படத்துல ஒன்பது உறுப்பினர் கையெழுத்து இருக்கு,” என்று செயலர் தொடர்ந்தார். “கையெழுத்தெல்லாம் நேராத்தானே இருக்கு? அப்ப படமும் நேர்தான்.”

மறு ஊர்வலத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. வெள்ளைச் சட்டை மாமனாரும் தண்ணீர் பாட்டிலும் என் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். “மாட்டிடுங்க,” என்றேன் குனிஞ்சவரிடம், படியிறங்கும்போதே. “உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி மாட்டுங்க. அனுமதி வரும்போது வரட்டும்.”

அந்த இரண்டு நாளும் நான் பட்டறையிலேயே இருந்தேன். டிரம்மைக் கழற்றியபோது உள்ளிருந்து கறுப்புப் பொடி கொட்டியது. பிராக்கெட்டின் நாலு துளைகளில் மூன்று பொருந்தின, நாலாவது ஒரு மயிரிழை தள்ளியிருந்தது. அதை அரத்தால் ராவுவதற்கே அரை நாள் ஆயிற்று. வட்டை மாட்டிச் சுழற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குனிஞ்சவர் காலிப்பரைப் பூட்டினார். நிப்பிள் மேலே பார்த்து நின்றது. நான் பெடலை அழுத்திப் பிடிக்க, அவர் நிப்பிளைத் திறந்து மூட, குமிழ் குமிழாகக் காற்று வந்து, பிறகு சுத்தமான ஆயில் வந்தது. அனுமதி இல்லாமலேதான் வந்தது.

தொட்டி மேட்டின் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். அழுத்தினேன். நின்றது. நம்பாமல் மறுபடி மேலே போய் வந்து அழுத்தினேன். மறுபடியும் நின்றது. அந்த ஒரு மத்தியானம் முழுக்க எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை. வயிறு லேசாக இருந்தது. பசிகூட எடுத்தது.

மாமனாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, பின்கண்ணாடிக்குக் கீழே கையால் தடவிப் பார்த்தார்.

“தகடு?”

“வந்துடும் மாமா. பிரேக் வந்துடுச்சு.”

“வரட்டும் மாப்பிள்ளை. தகடு வந்ததும் உட்காரலாம்.”

ஊர்வலத்தில் என்னை ‘விண்ணப்பம் நிலுவை’ என்ற அட்டையோடு சேர்த்துக்கொண்டார்கள். முன்னால் பேரவைத் தலைவரின் வண்டி, அடுத்தது நான், எனக்குப் பின்னால் சகலை. கண்ணாடியில் மாமனாரின் வெள்ளைச் சட்டை தெரிந்துகொண்டே வந்தது. சகலை ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தே மேடு முழுவதும் ஏறினேன்.

இறக்கத்தில் பாதி தூரம் வந்தபோது, பேரவையின் புகைப்படக்காரர் தலைவரை நேராக எடுப்பதற்காகச் சாலை நடுவில் வந்து மண்டி போட்டார். தலைவர் வண்டி நெளிந்து வளைந்து ஓரமாகப் போய் ஒரு வேலியில் சாய்ந்தது. நான் அழுத்தினேன். புகைப்படக்காரருக்கு முன்னால், ஒரு மேசையைப் போடும் இடம் விட்டு நின்றேன். பிறகு பின்னாலிருந்து சகலை வந்தார். அவர் நிற்கவில்லை. என் வண்டிமேல் மோதித்தான் நின்றார்.

மாமனாரின் நெற்றி முன்கண்ணாடிச் சட்டத்தில் இடித்தது. மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்து, ஒரு துண்டு புருவத்தைக் கிழித்திருந்தது. ரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. சாலையோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி ஓடிவந்து துப்பட்டாவால் அழுத்திப் பிடித்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை எழுதியதில் அர்த்தமில்லை. அடுத்த கணம் கதவைத் திறந்துகொண்டு மாமனாரிடம் ஓடினேன்.

ஊர்வலம் பார்க்க வந்திருந்த குனிஞ்சவர் வழக்கப்படி சகலையின் வண்டிக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்து குரல் வந்தது.

“இது டிரம்முங்க.”

“என்ன?”

“டிஸ்கே இல்லைங்க. பழைய டிரம்முதான். ஷூ எல்லாம் எண்ணெய்ல ஊறிக் கிடக்கு.”

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. என்னைத் தனியாக இழுத்துப் போனார்.

“ஒப்புதல் வாங்கவே ஒரு வருஷம் ஆயிடுச்சு தம்பி. தகடு வந்த அன்னிக்கு அவ்வளவு அலுப்பு. தகடுதான் இருக்கே, இனிமே எதுக்கு மாட்டணும்னு விட்டுட்டேன்.”

“அந்த அச்சு? ஒரே நாள்ல காட்டினது?”

“அச்சோட போட்டோ கொடுத்தேன். அதுகூட உன் வண்டியைப் பழுது பார்க்கக் கழட்டினப்ப எடுத்ததுதான். ஒரே மாதிரிதானே இருக்கு.”

நாலு வருஷம் நான் பொறாமைப்பட்டது என் அச்சைப் பார்த்துத்தான்.

விசாரணை மாடியில் நடந்தது. தலைவர் எழுந்து பேசினார்.

“ஒரு தொன்மை வாகனம் அதன் காலத்தில் எங்கே நின்றிருக்குமோ, அங்கேதான் நிற்க வேண்டும். அதுவே மெய்மை. இவருடைய வாகனம் முப்பது அடிக்கு முன்னதாகவே நின்றிருக்கிறது. அனுமதி பெறாமல் நின்றிருக்கிறது. பின்னால் வந்தவர் மரபுப்படி வந்தார். மரபுப்படியே மோதினார். நானும் மரபுப்படிதான் வேலியில் சாய்ந்தேன். என்னை யாராவது குறை சொல்ல முடியுமா?”



“அவர் வண்டியில டிஸ்கே இல்லைங்க,” என்றேன்.

“கோப்பில் இருக்கிறது,” என்றார் செயலர்.

“வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க.”

தலைவர் புண்பட்டுப் போனார். “நாற்பது ஆண்டுகளில் இந்தப் பேரவை எந்த வாகனத்தின் முன்னாலும் குனிந்ததில்லை.” எல்லோரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் தட்டிவிட்டேன்.

தீர்ப்பு இதுதான். நான் டிஸ்க்கை அகற்றி, டிரம்மைப் பூட்டி, ‘இனி உரிய இடத்துக்கு முன்னதாக நிற்கமாட்டேன்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் என் விண்ணப்பம் தூய்மையடையும். தகடு கிடைக்கும். செயலர் குனிந்து என் காதோரமாகச் சொன்னார்: “உங்க கோப்பு ரொம்பத் தடிமனாயிடுச்சு. இவ்வளவு தடிமனான கோப்புக்கு முதல் தரத் தகடு. உங்க சகலையோடதைவிட ரெண்டு அங்குலம் பெரிசு.”

இரண்டு அங்குலம். அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

குனிஞ்சவர் நான் சொன்னதைக் கேட்டு அடியிலிருந்து வெளியே வந்தார். அதுவும் அபூர்வம்தான்.

“நல்லா நிக்கிற வண்டிங்க இது.”

“கழட்டுங்க.”

“ஒரு தடவை யோசிச்சுக்கங்க.”

“நாலு வருஷமா யோசிச்சாச்சு. கழட்டுங்க.”

“கழட்டினதை என்ன பண்றது?”

“எனக்கு வேண்டாம். வேணுங்கிறவங்களுக்குக் கொடுத்துடுங்க.”

தகடு வந்தது. ‘பின்சக்கர டிஸ்க் பிரேக். பேரவையின் முதல் தர ஒப்புதல் பெற்றது.’ எழுத்துகளைச் சுற்றி பூவேலை. அதைத் திருகிய அன்று தெருவில் நின்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சகலையின் தகட்டைப் பேரவை பறித்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் வண்டியில் அங்கீகரிக்கப்படாத மாற்றம் ஏதோ செய்துவிட்டாராம். மாதிரிக் கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து, அந்த இடத்தில் என் கோப்பை வைத்திருக்கிறார்களாம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஊர்வலத்தன்று காலையில் இரண்டு வண்டிகளும் மாமனார் வீட்டு வாசலில் நின்றன. சகலையின் வண்டியில் பின்கண்ணாடிக்குக் கீழே இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. அவர் என் தகட்டைப் பார்த்தார். பார்வையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “பெரிசா இருக்கு,” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்.

மாமனார் வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். புருவத்தில் தழும்பு, மூக்கில் புதுக் கண்ணாடி. நான் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். சீட்டில் தண்ணீர் பாட்டில் இல்லை. அதை முன்கூட்டியே டிக்கியில் போட்டிருந்தேன். அவர் குனிந்து என் தகட்டை எழுத்தெழுத்தாகப் படித்தார். பூவேலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அழகா இருக்கு மாப்பிள்ளை,” என்றார். “பத்திரமா வச்சுக்கங்க.”

பிறகு நடந்து போய் சகலையின் வண்டியில் ஏறினார்.

நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். “மாமா, அதுல தகடு இல்ல,” என்றேன்.

“தெரியும். கண் டாக்டர்கிட்ட ஒரு வருஷமா இதுலதான் போய் வரேன்.” பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: “இது நிக்குது.”

சகலை என் முகத்தைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினார். “நீ வேண்டாம்னு கொடுத்ததுதான் தம்பி,” என்றார் மெதுவாக. “குனிஞ்சவர்தான் மாட்டினார்.”

என் மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். என் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“மெதுவா வாங்க,” என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்குப் பின்னால் அந்த வண்டியில் ஏறிக்கொண்டாள்.